டிராகனுக்கு முன்னால் வந்த பீரங்கி

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மர நிறத் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். அச்சடித்தது 1000 பிரதிகள்தான், அதையும் ஆட்களே உட்கார்ந்து கையால் அடுக்கிப் பெட்டியில் போட்டார்கள். அதுதான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பு. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் ரோல்பிளேயிங் விளையாட்டுகள், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகள், எல்லாவற்றுக்கும் தாய் வீடு அந்தப் பெட்டி. ஆனால் அதன் அட்டையில் ரோல்பிளேயிங் என்ற பேச்சே கிடையாது. காகிதம், பென்சில், மினியேச்சர் பொம்மைகள் வைத்து ஆடக்கூடிய கற்பனை இடைக்காலப் போர் விளையாட்டுகளுக்கான விதிகள் என்றுதான் போட்டிருந்தார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பாணி டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைச் சுருக்கி இப்படித்தான் சொல்வோம்) ஆட வருகிற புதியவர்கள் அந்த மூன்று புத்தகங்களைப் புரட்டிவிட்டு, இது என்ன இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஓர்க் என்ற அரக்கர் கூட்டம் எதிரே வந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று அட்டவணையைப் பார்த்தால் 30 முதல் 300 வரை என்று இருக்கும். நான்கு பேர் கத்தியும் தீப்பந்தமும் தூக்கிக்கொண்டு போகிற கதையில் முந்நூறு ஓர்க்குகளை என்ன செய்வது? நடக்கும் தூரம் அங்குலத்தில் இருக்கும். அந்த ஒரு அங்குலமும் சுரங்கத்துக்குள் 10 அடி, வெட்டவெளியில் 10 கஜம். சண்டைக்கு வேறொரு விதிப் புத்தகம் கையில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். காட்டில் அலைவதற்கு அவலான் ஹில் நிறுவனத்தின் வேறொரு விளையாட்டின் பலகையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கடற்போருக்கும் வான்போருக்கும் விதி இருக்கும். கோட்டை கட்ட கோபுரத்துக்கு என்ன விலை, சுவருக்கு என்ன விலை என்று கணக்கு இருக்கும். மேசை முழுக்கப் படை பரப்பி ஆடிக்கொண்டிருந்தவர்கள், தங்களைப் போன்ற ஆட்களுக்காக எழுதிய புத்தகம் என்று தெரிந்துகொண்டு படித்தால் இதில் ஒரு வரிகூட தாறுமாறு இல்லை.

போர் விளையாட்டின் வேர் எங்கே என்று தேடிப்போனால் நம் சதுரங்கத்தில் போய் நிற்கலாம். ரத கஜ துரக பதாதி என்று நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திய ஆட்டம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய், 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் கையில் பெரிய பலகையாக விரிந்தது. கட்டங்களுக்கு நிறம் கொடுத்து மலை, சதுப்பு, ஆறு என்று நிலத்தையே பலகைக்குள் கொண்டுவந்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த படி. பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் மன்னருக்கு ஒரு மேசையே செய்து கொடுத்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவர் மகன் 1824இல் அதைச் செப்பனிட்டு, நிஜமான ராணுவ வரைபடத்தின் மேல் ஆடும்படி விதிகளை வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர். பிரஷ்யப் படைத் தலைமை அதிகாரி ம்யூஃப்லிங் அதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டல்ல, போருக்கான பயிற்சி என்று மெச்சி, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

அந்த விளையாட்டில் இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று நேராக மோதுவதில்லை. நடுவில் ஒருவர் இருப்பார். தளபதிகளாக ஆடுபவர்கள் உத்தரவை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். உண்மை நிலவரம் முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். உன் காவல் படைக்கு எதிரே தூசி கிளம்புகிறது, குதிரைப் படை மாதிரி தெரிகிறது, எத்தனை பேர் என்று தெரியவில்லை என்று அவர் சொல்வார். அதைக் கேட்டு நீ முடிவெடுக்க வேண்டும். சேதத்தைப் பகடை சொல்லும், பகடைக்கு என்ன அர்த்தம் என்பதை நடுவர் சொல்வார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. டி அண்ட் டியின் நடுவரான டஞ்சன் மாஸ்டர் திரைக்குப் பின்னால் வரைபடத்தை மறைத்து வைத்துக்கொண்டு, "நடைபாதை இருபதடி போகிறது, இடது பக்கம் மரக்கதவு, உள்ளே ஏதோ உராய்கிற சத்தம்" என்று சொல்ல, ஆடுபவர்களில் ஒருவர் அதைக் கேட்டுக் கேட்டு கட்டம் போட்ட தாளில் தனியாக வரைபடம் வரைந்துகொண்டிருப்பார் இல்லையா, அது 1824இன் ஆட்டம்தான். குதிரைப் படைக்குப் பதிலாகக் கதவு, தூசிக்குப் பதிலாகச் சத்தம். அவ்வளவுதான் மாற்றம்.

பிரஷ்யர்களுக்கே விதிகளின் பாரம் தாங்கவில்லை. அட்டவணை, கணக்கு, கழித்தல் என்று ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அனுபவமுள்ள நடுவர் இருக்கும்போது அட்டவணை எதற்கு, அவர் தன் அறிவால் தீர்ப்புச் சொல்லட்டுமே என்றார். இன்றைக்கு விதி முக்கியமா நடுவர் தீர்ப்பு முக்கியமா என்று ரோல்பிளேயிங் குழுக்களில் விடிய விடிய நடக்கும் சண்டையை அந்த ராணுவ அதிகாரிகள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போட்டு முடித்திருக்கிறார்கள். 1880இல் அமெரிக்க ராணுவத்தின் சார்லஸ் டாட்டன் தன் பங்குக்கு ஒரு பெரிய விதிநூல் எழுதினார், பெயர் ஸ்ட்ராட்டகோஸ். ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், நடக்குமா நடக்காதா என்பதை நடுவர் முடிவு செய்வார் என்பது அதன் அடிப்படை. அந்தப் புத்தகம் நூலகத்தில் தூசி படிந்து கிடந்தது.

இடையில் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடுவதற்கு விதி எழுதினார், ஸ்பிரிங் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு பொம்மையை விழ வைக்கும் ஆட்டம் அது. சார்லஸ் ராபர்ட்ஸ் 1950களில் அட்டைப்பலகைப் போர் விளையாட்டுகளை விற்று, அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டும் பெரிய கதை. ஆனால் நான் சொல்ல வந்த இழை அந்த வழியாகப் போகவில்லை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அந்தத் தூசி படிந்த புத்தகம் வழியாகப் போகிறது.

மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஒட்டிக் கிடக்கும் இரட்டை நகரங்கள். 1960களில் அங்கே நெப்போலியன் காலப் போர்களை மினியேச்சர் வைத்து ஆடும் இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் டேவிட் வெஸ்லி என்பவர் பல்கலைக்கழக நூலகத்தில் டாட்டனின் புத்தகத்தைத் தோண்டி எடுத்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஒருநாள் அவர் ஒரு புது மாதிரி ஆட்டம் வைத்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர், இரண்டு படைகள் அதை நோக்கி வருகின்றன. வந்தவர்களில் படைத்தலைவர் வேடம் சிலருக்குத்தான் கிடைக்கும், மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டாம் என்று ஊருக்குள் ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம்.

அப்புறம் நடந்தது யாரும் எதிர்பாராதது. ஆட்கள் மேசையை விட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய் ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். இருவர் துவந்த யுத்தத்துக்குச் சவால் விட்டுக்கொண்டார்கள். வெஸ்லியிடம் அதற்கு விதியே இல்லை, அந்த இடத்திலேயே ஒன்றை யோசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் நடுவர் திண்டாட, மேசை மேல் நடக்க வேண்டிய போர் நடக்கவே இல்லை. ஆட்டம் குட்டிச்சுவர் ஆகிவிட்டது என்று வெஸ்லி நொந்துபோனார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று அவரைப் பிடுங்கி எடுத்தார்கள்.

இந்த ஒரு நாளைத்தான் நான் ரோல்பிளேயிங் பிறந்த நாள் என்று சொல்வேன். பூதம் கிடையாது, மந்திரம் கிடையாது, ஆள் வளர வளர ஏறும் லெவல் கிடையாது. ஒருவருக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு ஆசை, என்ன வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், நடுவர் தீர்ப்பு. மற்றதெல்லாம் பின்னால் சேர்ந்தவை.

அந்தக் கூட்டத்தில் டேவ் ஆர்னஸனும் ஒருவர். வெஸ்லி பின்னால் நடத்திய இன்னொரு பிரவுன்ஸ்டைன், லத்தீன் அமெரிக்கப் பக்கம் ஒரு கற்பனைக் குட்டி நாட்டில் நடப்பது. ஆர்னஸனுக்குக் கொடுத்த வேடம் புரட்சி பேசும் மாணவன். அவர் போலியாக ஒரு சிஐஏ அடையாள அட்டையைத் தயார் செய்து வந்து காட்டி, தான் உளவாளி என்று மற்ற வேடக்காரர்களையே நம்ப வைத்துவிட்டார். விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத காரியம். அதுவும் செல்லும் என்று நடுவர் ஏற்றுக்கொண்டாரே, அங்கேதான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது.

வெஸ்லி ராணுவ சேவைக்குப் போனபிறகு ஆர்னஸன் 1971இல் தன்னுடைய ஆட்டத்தைத் தொடங்கினார். இடம் பிளாக்மூர். இடைக்காலக் கோட்டை, சுற்றிலும் ஊர், கோட்டைக்குக் கீழே சுரங்க அறைகள். நெப்போலியன் காலப் போர்களை ஆடி அலுத்துப்போனவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கியதும் கோட்டையைக் காப்பாற்றும் வேலையையே மறந்துவிட்டு, மீண்டும் மீண்டும் கீழே போய்க்கொண்டிருந்தார்கள்.

லேக் ஜெனீவாவில் இருந்தவர் கேரி கைகாக்ஸ். வீட்டு அடித்தளத்தில் மணல் மேசை வைத்துப் படை நடத்தியவர், 1968இல் ஜென் கான் என்ற போர் விளையாட்டு மாநாட்டைத் தொடங்கியவர். அவரும் ஜெஃப் பெரனும் சேர்ந்து 1971இல் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். அதன் கடைசியில் பிற்சேர்க்கையாகக் கற்பனைப் போருக்குச் சில பக்கங்கள். மந்திரவாதி, டிராகன், குள்ளர்கள், வீரன், மாவீரன் எல்லோரும் அங்கே வந்து நிற்கிறார்கள்.

அந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால் பல மர்மங்கள் அவிழும். செயின்மெயிலில் படைக்கணக்கில் ஒரு பொம்மை என்பது இருபது ஆட்கள். ஒரு அடி சரியாகப் பட்டால் பொம்மை போய்விடும், அரைக்காயம் கால்காயம் எதுவும் இல்லை. ஆனால் வீரன் என்று ஒரு பொம்மை இருக்கிறதே, அவன் நாலு பேருக்குச் சமம். நாலு பேராகச் சண்டை போடுவான், அவனைச் சாய்க்க ஒரே சுற்றில் நாலு அடி சேர்ந்து விழ வேண்டும். மாவீரன் எட்டுப் பேருக்குச் சமம். இப்போது 1974 பெட்டியைத் திறந்து போர்வீரர்களின் லெவல் பட்டியலைப் பாருங்கள். நான்காவது லெவலுக்கு வீரன் என்று பட்டம், எட்டாவது லெவலுக்கு மாவீரன். லெவல் என்ற கணக்கின் கருவே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: நீ எத்தனை சாதாரணச் சிப்பாய்களுக்குச் சமம்?

ஹிட் பாயின்டும், அதாவது ஒரு ஆள் எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்ணும், அப்படித்தான். பிளாக்மூரில் ஆடியவர்களுக்குத் தங்கள் ஆள் ஒரே அடியில் செத்துப்போவது பிடிக்கவில்லை. ஒருநாள் ஒரு பொம்மையைத் தூக்கி வெளியே வைப்பது வேறு, பெயர் வைத்து வாரக்கணக்கில் வளர்த்த ஆளை இழப்பது வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்காகத் தான் எழுதி வைத்திருந்த விதிகளிலிருந்து ஹிட் பாயின்ட் யோசனையை எடுத்துக்கொண்டதாக ஆர்னஸன் பின்னால் சொல்லியிருக்கிறார். கப்பல் ஒரு குண்டில் மூழ்காது, கொஞ்சம் கொஞ்சமாக அடி வாங்கும். அதை மனிதனுக்குப் பொருத்தினார்கள். 1974 விதிகளில் எந்த ஆயுதமானாலும் சேதம் ஒரு ஆறுமுகப் பகடை, சாதாரண ஆளின் உயிரும் ஒரு ஆறுமுகப் பகடை. நாலாம் லெவல் வீரனுக்கு நாலு பகடை. ஒரு அடிக்கு ஒரு ஆள் என்ற பழைய கணக்கு கொஞ்சம் தளர்ந்து அப்படியே இருக்கிறது பாருங்கள். நாலு அடி ஒரே சுற்றில் விழ வேண்டியதில்லை, சேர்ந்துகொண்டே போகலாம் என்பதுதான் புதுசு. அந்தச் சின்ன மாற்றத்தில்தான், "இன்னும் இரண்டு பாயின்ட்தான் மிச்சம், ஓடிடலாமா?" என்ற கேள்வியே பிறக்கிறது.

மந்திரவாதி விஷயம் இன்னும் அழகு. செயின்மெயிலில் அவன் வீசும் தீப்பந்து பெரிய கவண் பொறியின் கல் விழும் பரப்புக்குச் சமம். அவன் மின்னல் கனரகப் பீரங்கிக்குச் சமம். அதாவது மந்திரவாதி என்பவன் இரண்டு காலில் நடக்கும் பீரங்கிப் படை. சுடுவான், எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் தாங்க மாட்டான், ஆகவே முன்னால் காலாட்களை நிறுத்திக் காப்பாற்ற வேண்டும். இன்றைக்கும் எந்தக் கணினி விளையாட்டிலும் மந்திரவாதி பின்வரிசையில் நின்றுகொண்டு பரப்பளவில் எரிப்பதும், கவசக்காரன் முன்வரிசையில் நிற்பதும் ஏன் என்று கேட்டால், லேக் ஜெனீவா மணல் மேசையைத்தான் கை காட்ட வேண்டும்.

1972 கடைசியில் ஆர்னஸனும் அவர் நண்பர் டேவிட் மெகாரியும் லேக் ஜெனீவாவுக்குப் போய்க் கைகாக்ஸுக்கு பிளாக்மூரை ஆடிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு கைகாக்ஸ் தட்டச்சு செய்து, தன் பிள்ளைகளை வைத்தே சோதித்து, விதியாக எழுதி முடித்தார். அதை வெளியிட எந்த நிறுவனமும் முன்வராததால் டான் கேயுடன் சேர்ந்து 1973 அக்டோபரில் டிஎஸ்ஆர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்பாடு யாருக்கு எவ்வளவு பெருமை என்பதில் ஆர்னஸனும் கைகாக்ஸும் நீதிமன்றம் வரை போனார்கள். இருவருமே இப்போது இல்லை. ஆடும் முறையைக் கண்டவர் ஆர்னஸன், அதை ஊர் உலகம் ஆடும்படி எழுதித் தந்தவர் கைகாக்ஸ், இருவருக்கும் முன்னால் வெஸ்லி. இதில் வெஸ்லியின் பெயர் பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இந்தப் பழங்கதை இன்றைக்கு ஆடுபவருக்கு எதற்கு? என் பதில் ஒரே ஒரு விதியில் இருக்கிறது: மன உறுதி. போர் விளையாட்டு ஆடியவர்களுக்கு எந்தப் படையும் கடைசி ஆள் வரை நின்று சாகாது என்று தெரியும். வரிசை கலையும், ஓடும், சரணடையும். டி அண்ட் டியின் 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு உயிருக்கும் மன உறுதி எண் இருக்கிறது. குட்டிப் பூதங்களான கோபோல்டுக்கு 6, கோப்ளினுக்கு 7, எலும்புக்கூட்டுக்கு 12. கூட்டத்தில் முதல் ஆள் செத்ததும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும், பாதிப் பேர் விழுந்ததும் மறுபடி உருட்ட வேண்டும். எண்ணைத் தாண்டினால் அவர்கள் பின்வாங்குவார்கள் அல்லது ஓடுவார்கள். எலும்புக்கூடு மட்டும் ஓடவே ஓடாது, அதற்குப் பயம் ஏது.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பாலத்தடியில் கோப்ளின் கூட்டம், எங்கள் பக்கம் முதல் லெவல் ஆட்கள், ஒருவருக்கும் ஐந்துக்கு மேல் ஹிட் பாயின்ட் இல்லை. முதல் அம்பில் ஒரு கோப்ளின் விழுந்தது. நான் பகடையை எல்லோரும் பார்க்கத் திறந்த மேசையில் உருட்டினேன், ஒன்பது. ஏழைத் தாண்டிவிட்டது, கூட்டம் சிதறி ஓடியது. ஒருத்தன் மட்டும் சேற்றில் கால் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினான். கொல்லலாம் என்று இருவர், வேண்டாம் என்று இருவர். கடைசியில் அவனுக்குச் சோறு கொடுத்து விசாரித்ததில் மேல்மாடிக்கு இரண்டாவது வழி தெரிந்தது, அவன் கூலிக்கு வழிகாட்டியாகவும் வந்தான், அப்புறம் மாதக்கணக்கில் கூடவே இருந்தான். அன்றைக்குக் கடைசி ஆள் வரை அடித்துத் தீர்த்திருந்தால் கிடைத்திருப்பது ஒரு பிடி செப்புக்காசு.

கூலியாட்களும் அதே வேரிலிருந்து வந்தவர்கள்தான். பழைய விதியில் கவர்ச்சி என்ற குணத்தின் முக்கிய வேலையே நீ எத்தனை பேரை அமர்த்தலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்று சொல்வது. தீப்பந்தம் எத்தனை, கயிறு எத்தனை, சுமை எவ்வளவு என்ற கணக்கைப் பலரும் தலைவலி என்று தள்ளிவிடுகிறார்கள். அது படைக்கு உணவும் வெடிமருந்தும் போய்ச்சேரும் கணக்கு. எப்போது திரும்ப வேண்டும் என்று கட்சி கட்டி வாதாடுகிறோமே, அந்த வாதத்துக்குத் தீனி போடுவது அந்தக் கணக்குதான். தங்கத்துக்கு, லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி கொடுத்ததும் அப்படியே: கொன்றால் கிடைப்பது சொற்பம், எடுத்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தால் கிடைப்பது அதிகம். ஆகவே புத்தியுள்ள குழு சண்டையைத் தவிர்க்கும்.

போர் விளையாட்டு வேரை அறுத்ததால்தான் ரோல்பிளேயிங் உருப்பட்டது, கதைக்கு இடம் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. மன உறுதியையும் கூலியாட்களையும் சுமையையும் தூரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றியபோது மிஞ்சியது மோதல் மட்டும்தான். எதிரி ஓடமாட்டான், பேசமாட்டான், ஆகவே ஒவ்வொரு அறையிலும் சாகும்வரை சண்டை. போரைப் பற்றி நன்றாக யோசித்தவர்கள் எழுதிய விதிகளில் போரைத் தவிர்க்க நிறைய வழி இருந்தது. எந்தப் பதிப்பு ஆடினாலும் மன உறுதிப் பகடையை மட்டும் சேர்த்துப் பாருங்கள், நாலு ஆட்டத்தில் மேசையின் குணமே மாறிவிடும்.

நாங்கள் அடுத்ததாக ஒரு பிரவுன்ஸ்டைன் வைக்கப் போகிறோம். முற்றுகையில் இருக்கும் ஒரு துறைமுக ஊர், லெவல் கிடையாது, ஹிட் பாயின்ட் கிடையாது. ஆளுக்கொரு தாளில் பெயர், வசதி, பகை, ஆசை மட்டும் இருக்கும். கோட்டைக் காவலர் தலைவி, உப்பு வியாபாரி, மடத்துத் தலைவர், சாவியைத் தொலைத்த சுங்க அதிகாரி எல்லோருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. எதிரியிடம் ஏற்கெனவே பணம் வாங்கிவிட்ட வட்டிக்காரர் வேடத்தை யாரிடம் கொடுப்பது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், குழுவில் எல்லோரும் எனக்கு அது வேண்டும் என்று போன் செய்துகொண்டே இருக்கிறார்கள்.